குலுக்கல் இனி உங்கள் செல்போனில்!

இடம் குறைவு, கேட்பவர்கள் அதிகம் என்றால் குலுக்கல் போடுவது நம் வழக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடங்களுக்கு விண்ணப்பங்கள் கூடிவிட்டால்கூட குலுக்கல்தான். ஆனால் துண்டுச் சீட்டை மடித்துப் போட்டால், "என் சீட்டு டப்பாவுல இருந்துச்சா?" என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கூகுள் ஷீட்ஸ் செயலி இருந்தால் எல்லோர் கண்முன்னேயும் குலுக்கலாம்.

உங்கள் குடியிருப்பில் 30 வீடுகள், 12 கார் நிறுத்தும் இடங்கள் என்று வைத்துக்கொள்வோம்.

1. புதிய ஷீட்டில் 'ஏ' நெடுவரிசையின் முதல் கட்டத்திலிருந்தே 30 வீட்டு எண்களையும் வரிசையாக எழுதுங்கள். தலைப்பு வேண்டாம், பிறகு அதுவும் இடம் மாறிவிடும்.

2. பக்கத்தில் 'பி' நெடுவரிசையின் முதல் கட்டத்தில் சமக்குறி போட்டு, ஆர், ஏ, என், டி என்ற ஆங்கில எழுத்துகளை அடித்து, அடைப்புக்குறியைத் திறந்து மூடுங்கள். இதுதான் 'ராண்ட்'. 0-க்கும் 1-க்கும் இடையே ஒரு தசம எண் வரும்.

3. அந்தக் கட்டத்தை காப்பி செய்து, 30-ஆவது வரி வரை பேஸ்ட் செய்யுங்கள்.

4. இதுதான் முக்கியம். ஷீட்டில் எங்கே எதை மாற்றினாலும் இந்த எண்கள் எல்லாம் புதுசா மாறிடும். எனவே 30 எண்களையும் காப்பி செய்து, அதே இடத்தில் 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய், மதிப்பை மட்டும் ஒட்டுங்கள். இனி மாறாது.

5. 'பி' என்ற எழுத்தைத் தொட்டு, மெனுவில் 'சார்ட் ஏ டு இசட்' கொடுங்கள். மேலே வரும் முதல் 12 வீடுகளுக்கு இடம்.

'ராண்ட்பிட்வீன்' என்றொரு சூத்திரமும் உண்டு. 1 முதல் 30-க்குள் ஒரு முழு எண் தரும். ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்க அது போதும். ஆனால் வந்த எண்ணே மறுபடி வரலாம். 12 முறை எடுத்தால் ஏதாவது ஓர் எண் திரும்ப வருவதற்கு 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதனால் பலரைத் தேர்ந்தெடுக்க மேலே சொன்ன முறையே சரி.

ஒரு விஷயத்தை மறக்காதீங்க. செயலி பாரபட்சம் பார்க்காது. ஆனால் போனை வைத்திருப்பவர் தனக்குப் பிடித்த முடிவு வரும்வரை திரும்பத் திரும்ப எண்களை மாற்றலாம். எனவே:

• பெயர்ப் பட்டியலை முந்தைய நாளே வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.
• குலுக்கல் ஒரே ஒருமுறைதான் என்று முன்கூட்டியே அறிவியுங்கள்.
• எல்லோரும் பார்க்கும்படி செய்து, முடிவை உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே குழுவில் பகிருங்கள்.

கடவுச்சொல், பின் நம்பர் உருவாக்க இந்த எண்களைப் பயன்படுத்த வேண்டாம். இவை அதற்கான பாதுகாப்புடன் உருவாக்கப்பட்டவை அல்ல.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு முன் ஐந்தாறு பெயர்களை வைத்து வீட்டிலேயே ஒருமுறை பழகிப் பாருங்கள்.