இடவப்பாதிக்கு முன் வீல் நட்டுகளைக் கழற்றிப் பாருங்கள்

இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கிவிடும். எலப்புள்ளி, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய ஜீப், அம்பாசிடர், மாருதி 800 வைத்திருப்பவர்கள் அதற்குள் ஒரு காலைப்பொழுதைச் சக்கரங்களுக்கு ஒதுக்குங்கள்.

மழைநீரும் வயல் சேறும் நட்டுக்குள் தங்கினால் மரை துருப்பிடிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும்; நட்டு இறுகிப்போவது அதனால்தான். பஞ்சர் கடையில் ஏர் கன்னால் கண்மூடித்தனமாக முடுக்கியதும் சேர்ந்துகொண்டால், நெல்லியாம்பதி ஏற்றத்தில் டயர் பஞ்சராகும்போது வீல் ஸ்பேனரில் ஏறி நின்றாலும் அசையாது. அசைந்தால் போல்ட் முறியும்.

சக்கரத்துக்குக் கல் முட்டுக்கொடுத்து, வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை லேசாகத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றுங்கள். வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை இருக்கலாம். போல்ட் நுனியில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். இருந்தால் வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும்.

இறுகிய நட்டுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள். காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டி, முதலில் இம்மி முடுக்கி, பிறகு தளர்த்துங்கள். டயர் மாட்டியிருக்கும்போது காஸ் டார்ச்சால் சூடேற்றவே கூடாது. டயர் வெடித்து உயிரைப் பறிக்கும்.

மரையை வயர் பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடையுங்கள். இங்கேதான் பலரும் தாராளமாகக் கிரீஸ் அப்புகிறார்கள். வேண்டாம். வழுக்கும் மரையில் அதே பலத்துக்கு நட்டு அளவுக்கு மீறி இறங்கி, போல்ட்டை இழுத்துவிடும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் மரை உலர்ந்திருக்கவே சொல்கிறார்கள். நட்டின் கூம்பு முகம் ரிம்மில் உட்காரும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூட ஆகாது. ரிம் ஒட்டிக்கொள்ளும் ஹப்பின் நடுவளையத்தில் மட்டும் விரல் தடவும் அளவு கிரீஸ் போதும். பிரேக் பக்கம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது முதல் சில சுற்றுகளைக் கையாலேயே ஏற்றுங்கள். நட்டு கையில் சுற்றாவிட்டால், மரை மாறி ஏறுகிறது அல்லது மரை தேய்ந்திருக்கிறது. தேய்ந்த போல்ட்டை அன்றே மாற்றுங்கள். மிச்ச நட்டுகள் தாங்கும் என்று விடாதீர்கள். எதிரெதிராக முடுக்கி, வண்டியை இறக்கியபின் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். ஸ்டெப்னியின் காற்றையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.