சந்தை விலையா? கட்டுபடி விலையா?



2025 ஐப்பசியில் ஒரு நாள் காலை, சின்னமனூரிலிருந்து ஒரு மளிகைக் கடைக்காரர் என் கடைக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக என்னிடம் பருப்பும் மிளகாயும் எடுப்பவர். வந்தவர் சரக்குச் சீட்டை எடுக்காமல் ஒரு குட்டி யானை வண்டியின் படத்தைச் செல்போனில் காட்டினார்.

"அண்ணாச்சி, 2018 மாடல். 2,35,000 சொல்றாங்க. நியாயமான விலைதானா?"

"தம்பி, பணம் எங்கே இருக்கு?" என்றேன்.

வீட்டில் உள்ள நகையை வைக்கப் போவதாகச் சொன்னார். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி.

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. அந்த மாடலுக்கு அந்த விலை ஏறக்குறைய சந்தை விலைதான். பேசினால் பத்தாயிரம் குறையும். ஆனால் கேள்வியே பிழையானது. சந்தை விலை என்பது ஊரில் உள்ள எல்லோருக்கும் பொதுவான விலை. நம் கடைக்கு அந்த வண்டி எவ்வளவு பெறும் என்பது வேறு விலை. அதைக் கட்டுபடி விலை என்று வைத்துக்கொள்வோம். அதை எந்தத் தரகரும் சொல்ல முடியாது. நம் கணக்கு நோட்டில்தான் இருக்கிறது.

அன்றைக்கு உட்கார்ந்து போட்ட கணக்கை அவர் சம்மதத்தோடு இங்கே தருகிறேன். சிறு வியாபாரிகள் தங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க உதவும்.

அவர் வாரம் இரண்டு நடை தேனிக்கு வருகிறார். மாதம் எட்டு நடை, நடைக்கு வாடகை 1,100 ரூபாய், ஆக 8,800. மதுரைக்கு மாதம் இரண்டு நடை, நடைக்கு 3,200 வீதம் 6,400. மொத்த வாடகை 15,200 ரூபாய். "இவ்வளவையும் வாடகைக்காரனுக்குக் கொடுக்கிறேனே" என்பதுதான் அவருடைய ஆதங்கம். இந்த 15,200 முழுவதும் மிச்சம் என்று அவர் மனதில் பதிந்துவிட்டது. பலருக்கும் அப்படித்தான் பதிகிறது.

சொந்த வண்டி ஓடினால் என்ன செலவு? தேனி நடை போக வர 50 கிலோமீட்டர், மதுரை நடை 200. மாதம் 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 16 கொடுத்தால் 50 லிட்டர் டீசல், சுமார் 4,650 ரூபாய். ஓட்டுவதற்கு அண்ணன் மகன் இருக்கிறான், சம்பளம் இல்லை என்றார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டுப் பிள்ளையானாலும் அந்தப் பத்து நாளும் அவன் கடையில் இல்லை. நாளுக்கு 600 எழுதச் சொன்னேன், 6,000. இன்சூரன்ஸ், எப்.சி., வரி எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 27,000 ஆகும் என்று விசாரித்து வைத்திருந்தார், மாதம் 2,250. டயர், ஆயில், சில்லறை ஒர்க்ஷாப் வேலைக்கு 1,500. எல்லாம் கழித்தபின் மீதி 800 ரூபாய்.

மாதம் 800! நகைக்கு வட்டி மட்டும் மாதம் 2,350.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தீபாவளிக்கு முன்னால பத்து நாள் வாடகை வண்டியே கிடைக்காது அண்ணாச்சி. போன வருஷம் வியாபாரம் கெட்டுப் போச்சு" என்றார். நியாயமான பேச்சு. வாடகைக் கணக்கில் வராத நன்மையும் உண்டு, அதற்கும் ஒரு தொகை வைக்க வேண்டும். ஆண்டுக்கு 8,000 வைத்தோம். நான்கு ஆண்டு ஓட்டிவிட்டு 90,000-க்கு விற்கலாம் என்றும் வைத்தோம். மாதம் 800 வீதம் நான்கு ஆண்டுக்கு 38,400, தீபாவளி நன்மை 32,000, விற்கும் விலை 90,000, ஆக 1,60,400. இந்தப் பணமெல்லாம் பின்னால் வருவது, நகைப் பணமோ இன்றே போவது. இடைப்பட்ட வட்டியைக் கழித்தால் சுமார் 1,10,000. அவ்வளவுதான் அந்த வண்டி அவருக்குப் பெறும். வண்டி மோசமானதல்ல. அவருடைய ஓட்டம் குறைவு.

போகும்போது இன்னொரு யோசனை சொன்னார். பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் தேனி சரக்கை இவர் வண்டியில் ஏற்றினால் ஆளுக்கு 300 தருவார்களாம். நடைக்கு 600, மாதம் 4,800. அப்படியானால் மாத மிச்சம் 5,600 ஆகிறதே என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இருவரையும் வாடகை வண்டியிலேயே ஏற்றலாமே? அப்போதும் அதே 4,800 மிச்சம், நகை பீரோவிலேயே இருக்கும். சொந்த வண்டியால் கூடுதலாகக் கிடைப்பது பழையபடி அந்த 800 ரூபாய்தான். வண்டி இல்லாமலே கிடைக்கும் லாபத்தை வண்டியின் பேரில் எழுதக் கூடாது. கார்த்திகை முதல் மூவரும் ஒரே வாடகை வண்டியில்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

அதே வண்டி பத்து நாளில் விற்றுப் போயிற்று. வாங்கியவர் கம்பத்தில் காய்கறி மொத்த வியாபாரம் செய்பவர், எனக்கும் பழக்கமானவர்தான். இன்னொருவரும் போட்டிக்கு வந்ததால் 2,40,000 கொடுத்தார். சொன்ன விலைக்கு மேலே கொடுத்துவிட்டார், ஏமாந்துவிட்டார் என்று சிலர் சிரித்தார்கள். அவர் கணக்கையும் கேட்டேன். மாதம் 24 நடை குமுளிக்கு மலை ஏறுகிறார். நடைக்கு 1,600 வீதம் வாடகையே 38,400. டிரைவர் மாதச் சம்பளம் 15,000, டீசல் 8,200, இன்சூரன்சும் இரு மாநில வரியும் 3,000, மலை ஓட்டத்தில் கிளட்ச்சும் பிரேக்கும் டயரும் சீக்கிரம் தேய்வதால் அதற்கு 3,500. செலவு 29,700 போக மிச்சம் 8,700. ஆண்டுக்கு ஒரு மாதம் வண்டி சும்மா நிற்கும் என்று கழித்து, வட்டியையும் கழித்து, விற்கும்போது 70,000 மட்டுமே வரும் என்று வைத்தாலும் இரண்டே முக்கால் லட்சத்துக்குக் குறையவில்லை. அவர் ஏமாறவில்லை. ஐயாயிரத்துக்காகப் பேரம் பேசி வண்டியை விட்டிருந்தால்தான் நஷ்டம்.

ஆண்டுக்கு ஒரு மாதம் ஏன் கழிக்க வேண்டும் என்று கம்பம், கூடலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையில் குமுளி வழி அடைபட்டு வாரக்கணக்கில் சரக்கு போகவில்லை. 2018 ஆகஸ்டில் இடுக்கி வெள்ளம். 2020-ல் ஊரடங்கு. போடிமெட்டுச் சாலையில் மழைக்காலத்தில் மண் சரிவதும் புதிதல்ல. வழி அடைபட்டாலும் டிரைவர் சம்பளமும் மாதத் தவணையும் நிற்பதில்லை. கேரள ஓட்டத்தை மட்டும் நம்பி வாங்குகிறவர்கள் பன்னிரண்டு மாதத்துக்குக் கணக்கு எழுதக் கூடாது.

இவ்வளவு பேசும் நான் இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துத்தான் படித்தேன். 1993-ல் ஒரு பழைய மேட்டடார் வாங்கினேன். சந்தையில் 90,000 பெறும் வண்டி, அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று 78,000-க்கு முடித்தேன். 12,000 ரூபாய் லாபம் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டேன். என்னிடம் சரக்கு எடுக்கும் ஆண்டிபட்டி, போடி கடைக்காரர்கள் அதுவரை தாங்களே லாரியிலோ பஸ்ஸின் மேலோ ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்கு வண்டி தேவையே இல்லை. வாங்கியபின் அது வாசலில் சும்மா நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. கடைக்கே கொண்டுவந்து இறக்கித் தருகிறேன் என்று வலியப் போய்ச் சொன்னேன். வாடகை கேட்க வாய் வரவில்லை.

ஒரு நாள் இரவு லோயர் கேம்ப் தாண்டி மலையில் இன்ஜின் சூடாகி நின்றது. பின்னால் வெல்லம், மேலே மழை, படுதா பழசு. அந்த வெல்லத்தைப் பற்றி இன்று நினைத்தாலும் வயிறு கலங்கும். பதினைந்து மாதம் கழித்து 61,000-க்கு வண்டியைத் தள்ளிவிட்டேன். அந்த 17,000 பெரிய நஷ்டமல்ல. இலவசமாக இறக்கிக் கொடுத்துப் பழக்கிவிட்டேனே, அது போகவில்லை. வண்டியை விற்றபின்னும் வாடகை வண்டி பிடித்து அனுப்பினேன். பல ஆண்டுகள் அனுப்பினேன்.

மலிவு என்பதற்காக வாங்கியதில் இன்னொரு பிழையும் உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. 1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் அவரும் வேறு இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அவர் சொன்னதன் சாரம் நம் தரகர்களுக்கு எப்போதோ தெரியும். எது நல்ல வண்டி என்று வாங்குபவருக்குத் தெரியாததால் எல்லா வண்டிக்கும் நடுத்தர விலைதான் கேட்பார். நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் சந்தைக்கே கொண்டுவர மாட்டார். கடைசியில் சந்தையில் அதிகம் நிற்பது கழிவு வண்டிகளே. ஆகையால் யார் ஓட்டினார், எந்த ஒர்க்ஷாப்பில் விட்டார் என்று நமக்கே தெரிந்த வண்டி கிடைத்தால், கட்டுபடி விலைக்கு உட்பட்டவரை சந்தை விலைக்கு மேலே பத்தாயிரம் கொடுக்கத் தயங்க வேண்டாம்.

தெரியாத வண்டியானால் நாம் ஓட்டப் போகிற பாதையில், நம் சரக்கின் அளவு பாரம் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். சமவெளியில் வெறும் வண்டி எல்லாம் நன்றாகத்தான் ஓடும். லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி வரை ஏறினால் கிளட்ச்சும் இன்ஜினும் உண்மையைச் சொல்லிவிடும். உடன் வரும் மெக்கானிக் தரகர் காட்டிய ஆளாக இருக்க வேண்டாம். செய்ய வேண்டிய வேலைக்கு அவர் சொல்லும் தொகையைக் கட்டுபடி விலையில் கழித்துக்கொள்ளுங்கள். அந்த விலையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். தரகரிடமும் விற்பவரிடமும் சொல்ல வேண்டாம். பேரம் எங்கே வேண்டுமானாலும் தொடங்கட்டும், சீட்டில் உள்ள எண்ணைத் தாண்டினால் டீ குடித்துவிட்டு எழுந்துவிடலாம்.

கடைப் பெயரை எழுதிய வண்டி வாசலில் நிற்க வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் இருக்கிறது, எனக்கும் இருந்தது. அதைக் குறை சொல்லவில்லை. அதற்கென்று தனி வரியில் ஒரு தொகை எழுதுங்கள். வாடகை மிச்சம் என்ற வரியில் ஒளித்து வைத்தால் நம்மையே நாம் ஏமாற்றுகிறோம். புது வண்டி விலையையும் விசாரித்துவிட்டுப் பழையதைப் பேசுங்கள். சரக்கு வாகனங்களுக்கு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் 28 சதவிகிதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. அதற்கு முந்தைய புது வண்டி விலையை வைத்துப் பழைய வண்டிக்கு விலை சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பத்திர விஷயம் சுருக்கமாக. சேசிஸ் எண் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். பைனான்ஸ் இருந்தால் கம்பெனியின் கடிதமும் 35-ஆம் எண் படிவமும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் மாற்றக் கேட்க வேண்டும். சரக்கு வண்டிக்கு எட்டு வயதுக்கு மேல் ஆண்டுதோறும் எப்.சி. உண்டு, அந்தச் செலவையும் சேருங்கள். விற்கும் அன்பர்களுக்கும் ஒரு சொல்: பெயர் மாற்றாமல் விட்ட வண்டி விபத்தில் சிக்கினால் பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சின்னமனூர்த் தம்பி போன வாரம் மறுபடி வந்தார். தேனி நடைக்கு வாடகை 1,100 இருந்தது 1,250 ஆகிவிட்டதாம். கணக்கை மறுபடி போட்டோம். மாதம் 800 என்பது 2,000 ஆகியிருக்கிறது. வட்டி போகக் கட்டுபடி விலை ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே வருகிறது. 2,35,000 வண்டி இன்னும் அவருக்குக் கட்டாது. ஒன்றரை லட்சத்துக்குள் தெரிந்த கையில் ஓடிய வண்டி ஏதாவது வந்தால் சொல்லும்படி என்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். உங்கள் பக்கம் யாரிடமாவது இருந்தால் தெரிவியுங்கள்.