நெடும்பயண சைக்கிளுக்குப் பின் கேரியரும் பக்கப் பைகளும்: எதை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பக்கப் பைகளின் எடை முழுவதும் பின் கேரியரின் கால்கள் வழியாக இறங்கி, பின்சக்கர அச்சுக்கு அருகே உள்ள இரண்டு சிறிய போல்ட்டுகளில் வந்து நிற்கிறது. ஆகவே முதலில் தீர்மானிக்க வேண்டியது கேரியர். அதற்கும் முன்பு, அந்தக் கேரியரைத் தாங்கப்போகும் பிரேமைப் பார்த்தாக வேண்டும். பலரும் பையின் நிறத்தையும் கொள்ளளவையும் பார்த்து வாங்கிவிட்டு, அதை மாட்டுவதற்காகக் கேரியர் தேடுகிறார்கள். இந்த வரிசை தவறு. நல்ல கேரியரில் சுமாரான பையைக் கட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். ஆடும் கேரியரில் எவ்வளவு உயர்ந்த பையை மாட்டினாலும் இறக்கத்தில் சைக்கிள் வாலாட்டும்.

நெடும்பயணத்துக்கென்றே செய்த பிரேமில் அச்சுக்கு மேலே இருபுறமும், சீட்டுக்குக் கீழே இருபுறமும் மரை போட்ட துளைகள் இருக்கும். பெரும்பாலும் 5 மி.மீ. போல்ட்டுக்கானவை. இந்த நான்கும் இருந்தால் எந்தக் கேரியரையும் யோசிக்கலாம். இல்லாவிட்டால் குழாயைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப்பை ஸ்டீல் பிரேமிலும் அலுமினிய பிரேமிலும் போடலாம், ஆனால் சுமையை வெகுவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். கார்பன் பிரேமில் கிளாம்ப் கூடவே கூடாது. சீட் கம்பத்தில் மட்டும் பிடிக்கும் கேரியர் மழைக்கோட்டுக்கும் சாப்பாட்டுப் பைக்கும் போதும், முகாம் சாமான்களுக்கு ஆகாது. நம் ஊர் பழைய ரோட்ஸ்டர் சைக்கிள்களின் கனமான கேரியர் அச்சு நட்டிலேயே பிடித்திருப்பதால் மூட்டை ஏற்றுவதற்கு உறுதியானது. ஆனால் அது தட்டைப் பட்டையால் ஆனதாக இருந்தால் பக்கப் பையின் கொக்கி சரியாகப் பிடிக்காது.

டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிளில் இன்னொரு கவனம் தேவை. பிரேக் கேலிப்பர் பிரேமின் வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டிருந்தால் கேரியரின் கால் அதில் இடிக்கும். நீளமான போல்ட்டும் இடையில் ஒரு புஷ்ஷும் போட்டு விலக்கிக்கொள்வது கடைக்காரர்கள் சொல்லும் சுலப வழி. ஆனால் போல்ட் எவ்வளவு வெளியே நீள்கிறதோ, குலுங்கும்போது அவ்வளவுக்கு அது வளைக்கப்படுகிறது, ஒருநாள் மரையருகே முறிகிறது. டிஸ்க் பிரேக்குக்கென்றே கால் வளைத்துச் செய்த கேரியரைக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாவது வாங்குவது நல்லது.

அடுத்தது உலோகம். 1970களில் அமெரிக்காவின் ஜிம் பிளாக்பர்ன் அறிமுகப்படுத்திய அலுமினியக் கம்பிக் கேரியரின் வழிவந்தவையே இன்று கடைகளில் அதிகம் கிடைக்கின்றன. எடை குறைவு, துருப்பிடிக்காது, விலையும் கைக்கு எட்டும். இவற்றில் பலவற்றின் தாங்குதிறன் 25 கிலோ என்று பொறிக்கப்பட்டிருக்கும். தார்ச்சாலையில் ஓரிரு வாரப் பயணத்துக்கு அது தாராளம். அலுமினியத்தின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. சிறிய குலுக்கலானாலும் லட்சக்கணக்கில் சேரும்போது அது களைத்து விரிசல் விடும். விட்டால் ஆர்கான் வாயு வைத்து வெல்டிங் செய்யும் பட்டறை வேண்டும், சிற்றூரில் அது கிடைப்பது அரிது. குரோம்-மாலிப்டினம் ஸ்டீல் குழாயில் செய்த கேரியர் அந்த அளவுக்குக் களைப்பதில்லை. உடைந்தாலும் கை தேர்ந்த காஸ் வெல்டர் பித்தளை வைத்துப் பற்றவைத்துவிடுவார். மெல்லிய குழாய் என்பதால் ஆர்க் வெல்டிங்கில் ஓட்டை விழும் என்பதை மட்டும் அவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஜெர்மனியின் டியூபஸ் நிறுவனம் 10 மி.மீ. ஸ்டீல் குழாயில் செய்யும் கேரியர்கள் இந்த வகையில் உலகம் சுற்றுபவர்களிடம் நெடுங்காலமாகப் பெயர் பெற்றவை. மாதக்கணக்கிலான பயணம், கப்பிச்சாலை, 20 கிலோவை நெருங்கும் சுமை, இவற்றில் இரண்டு பொருந்தினாலே ஸ்டீல் வாங்குவது நியாயம். டைட்டானியம் எடையைக் குறைக்கும், ஆனால் அந்த விலைக்கு நல்ல டயரும் வலுவான பின்சக்கரமும் வாங்கிவிடலாம்.

கேரியரின் வடிவத்தைத் தீர்மானிப்பது குதிகால்தான். பெடல் கிராங்க் சுழலும் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையிலான நீளம் நெடும்பயண சைக்கிளில் 45 செ.மீ.க்கு அருகில் இருக்கும். பந்தய சைக்கிளில் 41 செ.மீ. அளவுக்குக் குறைந்துவிடும். நீளம் குறைந்தால் ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் தட்டும். பைகளுக்கென மேல்தட்டுக்குக் கீழே, சற்றுப் பின்தள்ளித் தனிக் கம்பி வைத்த கேரியர் இந்தச் சிக்கலைத் தீர்க்கிறது. சுமையும் தாழ்வாக இறங்குகிறது, மேல்தட்டில் கூடாரத்தைக் கட்டினாலும் பைகளைத் தனியே கழற்ற முடிகிறது. தனிக் கம்பி உள்ளதா இல்லாததா என்று தயங்குபவர்களுக்கு உள்ளதே மேல்.

பைகளில் முதலில் பார்க்க வேண்டியது கொக்கி. மேலே இரண்டு கொக்கிகள் கம்பியைப் பிடிக்கும், கீழே ஒரு கொக்கி கேரியரின் காலைப் பிடித்துப் பை ஆடாமல் காக்கும். கேரியர் கம்பிகள் 8, 10, 12, 16 மி.மீ. எனப் பல பருமனில் வருகின்றன. 16 மி.மீ. வாயுள்ள கொக்கியை 10 மி.மீ. கம்பியில் அப்படியே மாட்டினால் கடகடவென்று ஆடி, பெயிண்டைத் தேய்த்து, அந்த இடத்திலேயே துரு பிடிக்கவைக்கும். பையோடு வரும் பிளாஸ்டிக் செருகிகள் இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான். பலர் அவற்றை உபரி என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். பையை மாட்டியபின் இரு கையாலும் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். கொக்கியைத் திறக்கும் கைப்பிடியை இழுக்காமலே கொக்கி விடுபட்டால் அந்தப் பை வேண்டாம்.

துணியில் பெரிய பிரிவு, தானே நீர் புகாத பையா, மேலே மழையுறை போடும் பையா என்பது. லாரித் தார்பாய்த் துணியில் பை செய்யலாம் என்ற யோசனையோடு ஹார்ட்முட் ஓர்ட்லீப் 1982இல் ஜெர்மனியில் தொடங்கிய தொழில்தான், வாயைச் சுருட்டி மூடும் பைகளை உலகெங்கும் பரப்பியது. தையலுக்குப் பதில் ஒட்டிய இணைப்புகள், மூன்று நான்கு முறை சுருட்டிய வாய், இவ்வளவுதான் அதன் ரகசியம். வடகிழக்குப் பருவமழையில் போகிறவர்களுக்கு இதற்கு மாற்று இல்லை. அதன் குறை, ஈரத் துணியை உள்ளே வைத்தால் ஈரம் வெளியேறாமல் மறுநாள் நாறும், பாக்கெட்டுகளும் குறைவு. மழையுறை போடும் நைலான் பையில் பாக்கெட்டுகள் நிறைய, விலையும் குறைவு. ஆனால் சக்கரம் வாரி இறைக்கும் நீர் உறை மறைக்காத முதுகுப்பக்கமாகவே ஏறுகிறது. சாமான்களைத் தடித்த பிளாஸ்டிக் உறைகளில் போட்டு வைத்தால் இதிலும் சமாளிக்கலாம். இங்கிலாந்தின் காரடைஸ் 1932 முதல் செய்துவரும் மெழுகு பூசிய பருத்திப் பைகள் கிழிந்தால் ஊசி நூலாலேயே தைத்துக்கொள்ளக்கூடியவை, அழகும் கூட. எடைதான் சற்று அதிகம்.

கொள்ளளவுக்கு ஜோடி 40 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பவே சாமான் சேரும். சுமை முழுவதும் பின்னால் குவியும்போது மேட்டில் முன்சக்கரம் லேசாகித் தடுமாறும், பின்சக்கரத்தின் செயின் பக்கத்து ஸ்போக்குகள் ஒவ்வொன்றாக அறும். பின்சக்கரத்தில் 36 ஸ்போக்குகள் இருப்பதும், கனமான பொருட்களைப் பையின் அடியில் முன்பக்கமாக வைப்பதும் இதற்குக் காப்பு. அதற்கும் மேல் சாமான் இருந்தால் முன்சக்கரத்துக்கும் ஒரு சிறு கேரியர் வாங்குவதே சரி, பின்னால் அடுக்குவது சரியல்ல.

வாங்கியபின் உண்மையான சுமையை ஏற்றி, மேடுபள்ளமான சாலையில் அரைநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு நான்கு போல்ட்டுகளையும் ஆலன் கீயால் தொட்டுப் பார்த்தால் ஒன்றாவது கால் சுற்று இளகியிருக்கும். மரையில் லாக்டைட் பசை விடுவதோ, பின்னால் இடமிருந்தால் நைலாக் நட் போடுவதோ அதை நிறுத்தும். பயணம் கிளம்பும்போது அதே அளவில் இரண்டு போல்ட்டுகளையும் அவற்றுக்கான ஆலன் கீயையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.