அம்மாவின் படமும் ஏஜென்சியின் குரூப்பும்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 74. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். பேச்சு குழறும், நினைவு தெளிவாக இருக்கிறது. ஓர் ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்திருந்தோம். இடுப்புக்குக் கீழே உள்ள படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்றும்போது எடுத்த படத்தை அந்தப் பெண் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டுவிட்டாள். அம்மாவின் முகமும் அதில் தெரிந்தது. என் நாத்தனார் பார்த்துச் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். கேட்டதற்கு, “தினமும் குரூப்ல படம் போடச் சொல்றது ஏஜென்சிதான், கை தவறி ஸ்டேட்டஸ்ல போயிடுச்சு” என்றாள். அன்றே அவளை அனுப்பிவிட்டோம். இது நடந்து ஒரு வருடம் எட்டு மாதம் ஆகிறது. ஏஜென்சி கைவிரிக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி, ‘ஹிப்பா’ சட்டப்படி வழக்குப் போடு என்கிறான். போடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு)

பதில்: நான்கு பக்கக் கடிதத்தை மேலே சுருக்கியிருக்கிறோம். உங்கள் வழக்கைத் தீர்மானிக்கப்போவது அதில் உள்ள ஒரே ஒரு வரிதான். அதற்கு வருகிறேன்.

முதலில் தம்பி சொன்னது. ஹிப்பா என்பது 1996ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். ஈரோட்டில் நடந்ததற்கு அது பொருந்தாது. அந்த நாட்டிலேயே நோயாளி அந்தச் சட்டத்தின் கீழ் நேரடியாக இழப்பீட்டு வழக்குப் போட முடியாது. அரசுத் துறையிடம் புகார்தான் கொடுக்கலாம். நம் நாட்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் சொன்னது. ஆனால் வீட்டுக்கு வந்து நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனிச் சட்டம் இல்லை. மருத்துவர் ரகசியத்தை வெளியிட்டால் மருத்துவ கவுன்சிலுக்கும், பதிவு பெற்ற செவிலியர் வெளியிட்டால் செவிலியர் கவுன்சிலுக்கும் போகலாம். ஹோம் நர்ஸ் என்று வருகிறவர்களில் பலர் பதிவு பெற்ற செவிலியர்களே அல்லர். உங்கள் வீட்டுக்கு வந்தவரின் பதிவு எண்ணை நீங்கள் கேட்டீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. முக்கியமான கடமைகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன. தவிர, அந்தச் சட்டத்தில் விதிக்கும் அபராதம் அரசின் கணக்குக்குப் போகும். உங்கள் அம்மாவுக்கு ஒரு ரூபாய் வராது.

இப்போது அந்த வரி. “தினமும் குரூப்ல படம் போடச் சொல்றது ஏஜென்சிதான்.” வேலைக்கு வந்ததற்கு அத்தாட்சியாகக் கட்டு மாற்றியதை, சாப்பாடு ஊட்டியதைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். அந்தக் குரூப்பில் வேறு வீடுகளில் வேலை பார்ப்பவர்களும் இருந்தால், ஸ்டேட்டஸில் போவதற்கு முன்பே, அன்றாடம், உங்கள் அம்மாவின் உடம்பு முன்பின் தெரியாத பலருடைய போனுக்குப் போய்க்கொண்டிருந்தது என்று அர்த்தம். காயத்தைக் காட்டி மருத்துவரிடம் யோசனை கேட்க ஒரு படம் அனுப்புவது வேறு, இது வேறு. ஏஜென்சியின் உத்தரவுப்படி எடுத்த படம் என்று நிரூபித்தால், ‘அந்தப் பெண் செய்த தவறு, எங்களுக்குச் சம்பந்தமில்லை’ என்று அவர்கள் தப்பிப்பது கடினம்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(47) நியாயமற்ற வணிக நடைமுறைகளைப் பட்டியலிடுகிறது. நுகர்வோர் நம்பிக்கையாகக் கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்ட அனுமதியின்றி மற்றவருக்கு வெளியிடுவதும் அதில் ஒன்று. ‘படம் எப்படித் தகவலாகும், அதை நீங்கள் கொடுக்கவில்லையே’ என்று எதிர்த்தரப்பு வாதாடும். அதனால் சேவைக் குறைபாடு என்பதையும் சேர்த்தே மனு போட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். சேவைக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை.

மனு போடுவதற்குக் கெடு இரண்டு ஆண்டு. ஒரு வருடம் எட்டு மாதத்தைத் தொலைத்துவிட்டு எழுதுகிறீர்கள் அம்மா! தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டுதான். தம்பி லீவில் வரட்டும் என்று காத்திருந்தோம் என்பதை யாரும் தக்க காரணமாக ஏற்க மாட்டார்கள்.

அதைவிட என்னை வருத்துவது, அன்றிரவு நீங்கள் செய்த காரியங்கள். அந்தப் பெண்ணின் போனை வாங்கி, படங்களையும் குரூப்பையும் உங்கள் கணவரே அழித்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏஜென்சி கேட்டதற்கான சாட்சி அந்தக் குரூப்பில்தான் இருந்தது. உங்கள் வழக்கின் உயிரை உங்கள் கையாலேயே எடுத்துவிட்டீர்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடும். மிச்சம் இருப்பது நாத்தனார் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் மட்டும். அந்தப் போனை அவர் மாற்றவோ விற்கவோ வேண்டாம் என்று இன்றே சொல்லுங்கள். 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் பிரிவு 63 கேட்கும் சான்றிதழ் இல்லாமல் மின்னணு ஆவணத்தைத் தாக்கல் செய்தால் ஆட்சேபம் வரும். எந்தச் சாதனத்தில் இருந்தது என்பதை அந்தச் சான்றிதழில் சொல்லியாக வேண்டும்.

அடுத்து, ‘அநியாயத்தைப் பாருங்கள்’ என்று அதே படத்தை நீங்களே சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறீர்கள். அம்மா கேட்டாரா? உங்களை எதிர்த்து முதல் குறுக்கு விசாரணைக் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். உடனே எடுங்கள்; யாரும் பகிர வேண்டாம் என்று எழுதுங்கள்.

ஏஜென்சியில் கையெழுத்துப் போட்ட பச்சைப் படிவத்தின் நகல் உங்களிடம் இல்லை. சம்பளம் ரொக்கமாக அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தீர்கள். ‘நாங்கள் ஆள் அறிமுகப்படுத்தி கமிஷன் வாங்கியதோடு சரி’ என்று ஏஜென்சி சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும்? மாதம்தோறும் அவர்களுக்கு ஜீபேயில் அனுப்பிய சேவைக் கட்டணம்தான் இப்போது உங்கள் ஒரே பிடி. வங்கிக் கணக்கு அறிக்கையை எடுங்கள்.

காவல் நிலையத்துக்கும் போகலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டப் பிரிவு 66இ, ஒருவரின் அந்தரங்க உறுப்புகளின் படத்தைச் சம்மதமின்றி எடுப்பதையும் அனுப்புவதையும் குற்றமாக்குகிறது; மூன்று ஆண்டு வரை சிறை. பிட்டமும் அந்த விளக்கத்துக்குள் வரும். உங்கள் அம்மாவின் புண் இருந்த இடம் அதுதான். தெரிந்தே வெளியிட்டாளா, கை தவறியதா என்பது விசாரணையில் பெரிய கேள்வியாகும். அதே சட்டத்தில், ஒப்பந்தத்தை மீறித் தகவலை வெளியிடுவதைத் தண்டிக்கும் 72ஏ பிரிவுக்கு, தவறான நஷ்டமோ ஆதாயமோ விளைவிக்கும் எண்ணத்தை, அல்லது அது விளையும் என்று தெரிந்திருந்ததைக் காட்ட வேண்டும்; உங்கள் கடிதத்தில் அதற்கு அடிப்படை தென்படவில்லை. புகார் கொடுத்தால் முதலில் மாட்டுவது அந்தப் பெண். ஏஜென்சி ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கும். என்னைக் கேட்டால், நுகர்வோர் ஆணையம்தான் முதல் வழி. அங்கே அந்தப் பெண் உங்களுக்குச் சாட்சியாகவே வரக்கூடும். அவளுக்குத் தராமல் நிறுத்தி வைத்த 18 நாள் சம்பளத்தை முதலில் கொடுத்துவிட்டு ரசீது வாங்குங்கள். உழைத்த கூலியைப் பிடித்து வைக்க உங்களுக்கு உரிமை இல்லை.

இவ்வளவும் உங்கள் கடிதத்தை மட்டும் வைத்துச் சொன்னவை. ஆவணம் எதையும் நான் பார்க்கவில்லை. இதை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே ஆணையத்துக்குப் போய்விடாதீர்கள். இந்த வாரமே ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். வசதி இல்லையென்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வங்கி அறிக்கை, நாத்தனாரின் போன், ஏஜென்சியோடு பேசிய செய்திகள், அம்மாவின் மருத்துவச் சீட்டுகள், இவ்வளவும் கையில் இருக்கட்டும். பச்சைப் படிவத்தின் நகலைக் கேட்டு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் போக வேண்டும். ஏஜென்சியின் போனில் இன்னும் இருக்கக்கூடிய குரூப் படங்களை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லியும் அதிலேயே கேட்கலாம்.

புறப்படுவதற்கு முன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததையும் செய்யப்போவதையும் சொல்லுங்கள். நான்கு பக்கத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. நினைவு தெளிவாக இருப்பவர், படம் அவருடையது. வழக்கு என்றால் அந்தப் படத்தை ஆணையத்தில் காட்ட வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காதீர்கள். அவர் சம்மதித்தால், படத்தை மூடி முத்திரையிட்ட உறையில்தான் தாக்கல் செய்ய வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.