ஸுல்ஹு பேசும் முறை

ஹிஜ்ரி 6-ஆம் ஆண்டு (கி.பி. 628) துல்கஅதா மாதம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏறத்தாழ 1,400 ஸஹாபாக்களுடன் உம்ராவுக்குப் புறப்பட்டு, மக்காவுக்கு அருகே ஹுதைபிய்யாவில் தடுக்கப்பட்டார்கள்.

குறைஷிகள் ஹுலைஸ் என்பவரைப் பேச அனுப்பினார்கள். அவருடைய கூட்டத்தார் குர்பானிப் பிராணிகளைப் பெரிதும் மதிப்பவர்கள். இதை அறிந்திருந்த நபியவர்கள் அவரிடம் வாதம் செய்யவில்லை. மாலையிட்ட பிராணிகளை அவர் கண்ணில் படும்படி ஓட்டிவிடச் சொன்னார்கள். அதுவே போதுமாயிற்று. இவர்களைத் தடுப்பது தகாது என்று அவரே குறைஷிகளிடம் போய்ச் சொன்னார்.

பின்னர் வந்தார் ஸுஹைல் இப்னு அம்ரு. பலவந்தமாக நுழைந்துவிட்டார்கள் என்று அரபு நாட்டார் பேசுவார்களே என்பதுதான் அவருடைய கவலை. அந்தக் கவலைக்கு இடம் கொடுத்து, இவ்வாண்டு திரும்பிவிட்டு மறு ஆண்டு வந்து மூன்று நாட்கள் தங்குவது என்று நபியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதியதை ஸுஹைல் ஆட்சேபித்தார். அலீ (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை, நபியவர்களே அழித்தார்கள். பத்திரத்தில் எழுதாவிட்டால் நுபுவ்வத் குறைந்தா போய்விடும்? கிடைத்ததோ பத்தாண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கை! உமர் (ரலி) அவர்களுக்கே அன்று இது தாங்கமுடியாததாக இருந்தது.

கிதாபில் இதைப் பலமுறை ஓதியிருந்தும், சமீபத்தில் ஒரு குடும்ப வழக்கில் நான் இதை மறந்துவிட்டேன். மாப்பிள்ளை வீடு இராஜபாளையம். பெண் வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் அரைமணி நேரப் பயணம்தான், ஆனால் நான்கு மாதமாகப் போக்குவரத்து இல்லை. "தனிக்குடித்தனம் வைத்தால்தான் அனுப்புவோம்" என்றார் பெண்ணின் அத்தா. "என் மகனைப் பிரிக்கவா பார்க்கிறார்கள்?" என்றார் மாப்பிள்ளையின் தாயார். நான் இரு தரப்புக்கும் ஹக்குகளை விளக்கினேன். பேச்சு முற்றியது, காபியைக்கூட யாரும் தொடவில்லை.

குர்ஆன் (4:35) இரு குடும்பத்திலிருந்தும் ஒவ்வொரு நடுவரை அழைக்கச் சொல்கிறது. அதன்படி பெண்ணின் பெரியம்மாவையும் மாப்பிள்ளையின் தாய்மாமாவையும் தனித்தனியே விசாரிக்கச் சொன்னேன். அப்போதுதான் விஷயம் வெளிவந்தது. மாப்பிள்ளைக்கு மில்லில் இரவு ஷிப்ட். கொழுந்தன்மார் இருவர் நடமாடும் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு முக்காட்டை இறக்கி வைக்க ஓர் இடமில்லை. இதை அத்தாவிடம் சொல்ல வெட்கம். மாமியாரின் அச்சமோ வேறு: மகன் தனியே போனால் மாத மருந்துக்கு யார் கொடுப்பார்?

பூட்டும் சாவியுமாகத் தனி அறை ஒன்று மனைவிக்கு உரியது என்பது நம் ஹனபி ஃபிக்ஹில் உள்ளதுதான். முன்கட்டு அறைக்குக் கதவு போட்டார்கள், பெண் வந்துவிட்டாள். தாயாருக்கு மாதம் எவ்வளவு என்பதில் மட்டும் இன்னும் இழுபறி. அடுத்த ஜும்ஆவுக்குப் பின் மறுபடி உட்காருகிறோம்.