நாளைக்குப் படிக்கலாம்: தள்ளிப்போடுதலும் தேர்வு பயமும்

 

மார்ச் மாதம் நெருங்கினால் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீடுகளில் ஒரு இறுக்கம் வந்துவிடுகிறது. பிள்ளை புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும், கண் செல்போனில் இருக்கும். கேட்டால் "நாளைக்கு உட்கார்ந்து முடித்துவிடுவேன்" என்று சொல்லும். அத்தா சத்தம் போடுவார், அம்மா கவலைப்படுவார். இரவு பதினோரு மணிக்குப் பிள்ளைக்குத் தூக்கம் வராது, படிப்பும் ஏறாது.

இதை நாம் ஒரே வார்த்தையில் "சோம்பல்" என்று முடித்துவிடுகிறோம். மார்க்கம் இதை இன்னும் ஆழமாகப் பார்க்கிறது.

கவலையும் சோம்பலும் ஒரே துஆவில்

நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி ஓதிய துஆ ஒன்றை, அவர்களுக்குப் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி). கவலை, துக்கம், இயலாமை, சோம்பல், கோழைத்தனம், கஞ்சத்தனம், கடன் சுமை, மனிதர்களின் ஆதிக்கம் ஆகிய எட்டிலிருந்தும் அதில் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடினார்கள்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் "ஹம்மு", "ஹஸன்". அடுத்து "அஜ்ஸு", "கஸல்". வரப்போவதை நினைத்து வருவது ஹம்மு, போனதை நினைத்து வருவது ஹஸன். சக்தி இல்லாமல் நிற்பது அஜ்ஸு, சக்தி இருந்தும் மனம் வராமல் நிற்பது கஸல். அறிஞர் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இவற்றை இப்படி ஜோடி ஜோடியாக விளக்குகிறார்கள்.

தேர்வு நேரத்துப் பிள்ளையிடம் இந்த நான்கும் கைகோத்து வருகின்றன. "ஃபெயிலாகிவிடுவேனோ" என்ற பயம் வருகிறது. பயம் வந்ததும் புத்தகத்தைத் தொடப் பிடிக்கவில்லை. தொடாததால் பாடம் சேர்ந்துவிடுகிறது. சேர்ந்ததைப் பார்த்துப் பயம் இரட்டிப்பாகிறது. ஆகவே சோம்பலை மட்டும் திட்டி இந்தச் சங்கிலியை அறுக்க முடியாது. பயத்தையும் சேர்த்துத்தான் அறுக்க வேண்டும்.

கஅப் (ரலி) அவர்களின் "நாளை"

தள்ளிப்போடுதல் என்ன செய்யும் என்பதற்கு கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களின் வரலாறே போதும். ஹிஜ்ரி 9, தபூக் பயணம். கடும் வெயில் காலம், தூரமான பயணம். மதீனாவிலோ கனிகள் பழுத்து, நிழல் இதமாக இருந்தது. கஅப் (ரலி) அவர்களுக்கு வசதிக் குறைவில்லை. அதற்கு முன் எப்போதும் இல்லாதபடி அவர்களிடம் இரண்டு வாகன ஒட்டகங்கள் இருந்தன.

தினமும் காலையில் பயண ஏற்பாடு செய்யப் புறப்படுவார்கள், ஒன்றும் செய்யாமல் திரும்புவார்கள். நினைத்தால் முடித்துவிடலாம் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. படை புறப்பட்டுவிட்டது. ஓரிரு நாளில் போய்ச் சேர்ந்துகொள்ளலாம் என்று அப்போதும் மனம் சொன்னது. கடைசியில் போகவே முடியவில்லை. அவர்களே தம் வாயால் சொன்ன இந்த வரலாறு புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். ஒன்று, "நினைத்தால் முடித்துவிடலாம்" என்ற எண்ணம் கெட்டிக்காரனைத்தான் அதிகம் ஏமாற்றும். இரண்டு, தவறிய பிறகு என்ன செய்வது என்பது. நபி (ஸல்) அவர்கள் திரும்பி வந்தபோது எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் சாக்குச் சொன்னார்கள். கஅப் (ரலி) அவர்கள் உண்மையைச் சொன்னார்கள். ஐம்பது இரவுகள் ஊரே பேசாமல் இருந்தது. பின்பு அவர்களையும் மற்ற இரு தோழர்களையும் அல்லாஹ் மன்னித்த செய்தி சூரத்துத் தவ்பாவில் இறங்கியது. தவறியவனுக்குக் கதவு மூடப்படவில்லை. வீட்டில் "படித்துவிட்டேன்" என்று பொய் சொல்லாமல், "இந்த மூன்று பாடம் தொடவே இல்லை" என்று சொல்லும் பிள்ளைக்கு மீட்சி அந்த இடத்திலேயே தொடங்குகிறது.

மலையைச் சுமக்கச் சொன்னது போல

இனி பயத்துக்கு வருவோம். யமாமா போருக்குப் பின் குர்ஆனை ஒன்றுதிரட்டும் பொறுப்பை அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒரு இளைஞரிடம் கொடுத்தார்கள். அவர் ஸைத் இப்னு ஸாபித் (ரலி). ஒரு மலையை இடம் மாற்றச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று அவர்கள் பிற்காலத்தில் சொன்னார்கள் (புகாரி).

அந்த மலையை எப்படி நகர்த்தினார்கள்? பேரீச்ச மட்டையில் எழுதியிருந்தது, தட்டைக் கல்லில் எழுதியிருந்தது, மனிதர்களின் நெஞ்சில் இருந்தது என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தார்கள். பாரம் குறையும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. கையில் கிடைத்த முதல் துண்டிலிருந்து தொடங்கினார்கள்.

மாணவச் செல்வமே, உன் கணக்குப் புத்தகம் முழுவதும் ஒரு மலைதான். ஆனால் இன்று நீ போட வேண்டியது ஐந்து கணக்கு. அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவாக இருந்தாலும் விடாமல் செய்யப்படுவதே என்பது நபிமொழி (புகாரி). இந்த உம்மத்தின் அதிகாலைக்கு பரக்கத் கேட்டும் நபி (ஸல்) அவர்கள் துஆச் செய்திருக்கிறார்கள் (திர்மிதி). ஃபஜ்ரு தொழுததும், செல்போனைக் கையில் எடுக்கும் முன், அரை மணி நேரம். அதிலும் எந்தப் பாடத்தைக் கண்டால் பயமோ அந்தப் பாடம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு அந்தப் பயண நேரமும் ஒரு நிஃமத். காலையில் படித்ததைக் கண்ணை மூடி ஒருமுறை நினைத்துப் பார்க்க அது போதும்.

பெற்றோர்களே, உங்களிடம்

2018 மே மாதம் வெளியான பிளஸ் டூ முடிவில், கள்ளக்குறிச்சியும் சேர்ந்திருந்த அன்றைய விழுப்புரம் மாவட்டம் 83.35 சதவீதத்துடன் தமிழகத்திலேயே கடைசி இடத்தில் இருந்தது. "நம்ம மாவட்டம் எப்போதும் இப்படித்தான்" என்று பேசிய வாய்கள் உண்டு. அந்த வார்த்தையைக் கேட்டு வளரும் பிள்ளை முயற்சிக்கும் முன்பே தோற்றுவிடுகிறது.

அதே 2018 ஜூன் மாதம், செஞ்சி அருகே பெருவளூரைச் சேர்ந்த ஒரு மாணவியை, நீட் முடிவு வந்த பிறகு நம் மாவட்டம் இழந்தது. பிளஸ் டூவில் 1200க்கு 1125 எடுத்த பிள்ளை அது. நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குள்ளும் பாரம் இருக்கும். முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017லேயே நிறுத்திவிட்டது. நாம் மட்டும் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரிப்பதை நிறுத்தவில்லை.

பயந்து வரும் ஒருவரை எப்படி எதிர்கொள்வது? முதல் வஹீ வந்த நாளில் நபி (ஸல்) அவர்கள் நடுங்கியபடி வீட்டுக்கு வந்தார்கள். அன்னை கதீஜா (ரலி) அவர்கள் கேள்விகளால் துளைக்கவில்லை. முதலில் போர்த்திவிட்டார்கள். நடுக்கம் தணிந்த பின், அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று சொல்லி அவர்களின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்கள். பிறகு விஷயம் தெரிந்த வரகா இப்னு நவ்ஃபலிடம் அழைத்துச் சென்றார்கள். அரவணைப்பு, நல்வார்த்தை, தெரிந்தவரின் உதவி. ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையான வரிசை இதுதான்.

உதவி கேட்பது ஈமானுக்குக் குறைவல்ல. மூஸா (அலை) அவர்கள் தம் பயத்தை அல்லாஹ்விடமே சொன்னார்கள், சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணைக்குக் கேட்டார்கள். அல்லாஹ் கொடுத்தான். பிள்ளை பல நாள் தூங்கவில்லை, சாப்பிடவில்லை, "நான் இருந்து என்ன பயன்" என்று பேசுகிறது என்றால் தாமதிக்காதீர்கள். தனியே விடாமல் கூடவே இருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தமிழக அரசின் 104, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய எண்களில் பேசலாம். தேர்வில் தவறினால் அந்த ஆண்டே துணைத்தேர்வு இருக்கிறது. போன உயிருக்குத் துணைத்தேர்வு இல்லை.

இன்றைக்கே ஒன்று

பயன் தருவதில் ஆர்வம் கொள், அல்லாஹ்விடம் உதவி தேடு, இயலாதவனாக உட்கார்ந்துவிடாதே என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். ஏதேனும் நேர்ந்துவிட்டால் "அப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லிக்கொண்டிருக்காதே, அது ஷைத்தானுக்குக் கதவைத் திறக்கும் என்றும் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). முயற்சி நம்முடையது, முடிவு அல்லாஹ்வுடையது. முடிவைத் தூக்கிச் சுமப்பதால்தான் முயற்சிக்குக் கை எழவில்லை.

எனவே இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மாணவர்கள், அதிக நாள் தள்ளிப்போட்ட பாடத்தில் ஒரு பக்கத்தை அஸருக்குள் படித்து முடியுங்கள். பெற்றோர்கள், மதிப்பெண்ணைக் கேட்காமல் பிள்ளையின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளைக் கவலையிலிருந்தும் சோம்பலிலிருந்தும் காப்பாற்றுவாயாக! அவர்களின் உள்ளங்களை விரிவாக்கி, பயனுள்ள கல்வியைத் தருவாயாக! அவர்களை எங்கள் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.