ஊசிக்கு அஞ்சி மாத்திரையா?

குடல் முறுக்கிக்கொண்டு பெரும்பகுதியை வெட்டியெடுத்த குழந்தைக்கு மாதக்கணக்கில் நரம்பு வழியாகத்தான் சாப்பாடு. அதற்காகப் போடும் குழாய் இதயத்தின் வாசல்வரை போய் நிற்கும். அதைச் சுற்றி ரத்தம் உறைந்து பெருநரம்பு அடைத்துவிட்டால் கழுத்து, தோளடி, தொடை என்று வேறு இடம் தேட வேண்டும். அவையும் தீர்ந்தால் சிறுகுடல் மாற்று அறுவைச் சிகிச்சைதான் பேச்சு.

எந்த மருந்தால் ரத்தம் உறையாமல் காப்பது என்பதில் பயிற்சி மருத்துவர்கள் அவசரப்படுவதைப் பார்க்கிறேன். "புதுசு சார், ஊசியும் வேண்டாம், ரத்தமும் எடுக்க வேண்டாம்" என்று ரிவராக்சபான் எழுதிவிடுகிறார்கள். பிள்ளையைக் குத்தக் கூடாதென்று அப்பத்தாவரை வந்து நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ரிவராக்சபானுக்கு ஐரோப்பாவும் அமெரிக்காவும் 2021இல் குழந்தைகளுக்கு அனுமதி கொடுத்தன. நல்ல மருந்துதான், ஆனால் வாயாலோ மூக்குக் குழாயாலோ பால் குடிக்கும் பிள்ளைக்கு. இரைப்பையிலும் மேற்குடலிலும் உறிஞ்சப்பட்டு, உணவோடு சேர்ந்தால்தான் அது முழுதாக வேலை செய்யும். உணவே இறங்காத குழந்தைக்கு எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்? இன்னொரு புது மருந்தான டாபிகட்ரானுக்கு இரைப்பை அமிலம் வேண்டும். குடல் குறுகிய பிள்ளைகளில் பலருக்கு நாமே அமிலம் குறைக்கும் மருந்து கொடுக்கிறோம். பரிசோதனை வேண்டாம் என்பதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். இந்தக் குழந்தைகள் விஷயத்தில் எனக்குப் பயமே அதுதான்.

வார்ஃபரின் பழைய மருந்து. ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும், அதை நம் காரைக்குடியிலேயே பார்த்துவிடலாம். நரம்பு வழிச் சாப்பாட்டில் சேரும் வைட்டமின் கே அதை இறக்கும், ஆன்டிபயாடிக் ஏற்றும். வீட்டிலேயே நரம்பு வழிச் சாப்பாடு பெறும் பிள்ளைகளுக்கு, வலுவான சான்று இல்லாமலேயே, 2012இல் அமெரிக்க நெஞ்சக மருத்துவர்கள் பரிந்துரைத்தது வார்ஃபரின் வகையைத்தான்.

என் கை சாய்வது எனாக்சபாரின் ஊசிப் பக்கம். தோலுக்கடியில் போடுவதால் குடலை நம்ப வேண்டியதில்லை. இரண்டு மாதம் தாண்டிய குழந்தைக்குச் சிகிச்சை அளவு கிலோவுக்கு 1 மி.கி., காலையும் மாலையும். மில்லிக்கு 100 மி.கி. உள்ள மருந்தை 100 யூனிட் இன்சுலின் சிரிஞ்சில் எடுத்தால் 1 யூனிட்டுக்கு 1 மி.கி. மருந்துக்கடையில் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சைக் கொடுத்துவிட்டால் அதே கோட்டில் இரண்டரை மடங்கு மருந்து ஏறும். ஆறு கிலோக் குழந்தைக்கு 6 மி.கி. போக வேண்டிய இடத்தில் 15 மி.கி.! அளவு பார்க்கும் ஆன்டி-பத்து-ஏ பரிசோதனைக்குப் பெரிய ஊருக்குத்தான் போக வேண்டும், மதுரை 90 கிலோமீட்டர். நீண்ட நாள் போட்டால் எலும்பையும் கவனிக்க வேண்டும்.

எந்த மருந்தானாலும் குழாயைத் தொடும் கை சுத்தமாக இருக்க வேண்டும். கிருமி புகுந்தால் உறைதலும் பின்னாலேயே வரும். மருந்தைப் போலவே குடும்பத்தையும் எடைபோடுங்கள்: பொறுமையாக ஊசி போடுபவர் யார், ஐ.என்.ஆர். பார்க்க மறக்காமல் வருபவர் யார்? ஊசி போட எல்லாருக்கும் முதல் நாளே கை வந்துவிடாது. தம்பிகளே, தங்கைகளே, குழந்தையின் தாயை வார்டிலேயே, உங்கள் கண்முன், சரியாக வரும்வரை ஊசி போட வைத்த பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்.